எத்தனை வருஷ அனுபவம்?

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். "கமலா ஹாரிசுக்கு வெளியுறவில் என்ன அனுபவம்?" என்று அண்ணன் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்தாரே, அதுதான்.

2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தவர். 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் போய்ப் பேசியவர். அதெல்லாம் கணக்கில் வராதாம். சரி. 2016இல், அரசுப் பதவியிலோ ராணுவத்திலோ ஒரு நாள்கூட இருந்திராத ட்ரம்ப் நின்றபோது, "புது ரத்தம் வேணும்மா" என்றவரும் இதே அண்ணன்தான். அனுபவம் அப்போது லீவில் போயிருந்ததோ?

வருஷத்தை எண்ணாதீர்கள், எடுத்த முடிவைப் பாருங்கள். இதைத்தான் அன்றும் சொல்ல வந்தேன். 2002 அக்டோபரில் இராக் போருக்கான தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த பைடன் ஆதரித்தார், ஹிலாரியும் ஆதரித்தார். போரை முன்னின்று நடத்திய துணை அதிபர் செனியும் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டும் பழுத்த அனுபவசாலிகள். அதே மாதம் சிகாகோ கூட்டத்தில் இது முட்டாள்தனமான போர் என்றவர், ஒபாமா. அப்போது அவர் வெறும் மாநிலச் சட்டமன்ற செனட்டர்.

"அவர் வாக்களிக்க வேண்டிய இடத்திலேயே இல்லையே?" என்பீர்கள். உண்மைதான். இருந்தவர்கள் என்ன கிழித்தார்கள்?

"அப்போ அனுபவமே வேண்டாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மூத்த புஷ் அதிபராவதற்கு முன் ஐ.நா. தூதராகவும் உளவு அமைப்பான சிஐஏவின் தலைவராகவும் இருந்தவர், ஜெர்மனி இணைந்த சமயத்தில் அது கைகொடுத்தது. ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒருவரையே எத்தனை நாளைக்குக் காட்டுவீர்கள்?

மதுரையில் பதினோரு வருஷம் வேதியியல் நடத்திவிட்டு 2003இல் இங்கே வந்தேன். ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை வேலைக்குப் போனால், "இந்த ஊர் அனுபவம் உண்டா?" என்ற ஒரே கேள்விதான். சான்றிதழை உறையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை. அப்புறம் இரண்டு வருஷம் மளிகைக் கடைக் கல்லாவில் நின்றேன். அண்ணனே வந்து துவரம்பருப்பு வாங்கியிருக்கிறார்.

நேற்று அண்ணி போன் செய்து, "அவர் விளையாட்டுக்குத்தானே கேட்டார், இதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு" என்றார். இருக்கலாம் அண்ணி. அந்தப் பள்ளியிலும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.