அந்த ஆண்டு மலர் 1965ஆம் வருடத்தது அல்ல

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட் இடைநிலைப்பள்ளி ஆண்டு மலரின் பக்கங்களைப் போட்டதற்கு நன்றி. ஆனால் "பாதிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் இது 1965இல் வந்த, பள்ளியின் முதல் மலர்" என்று எழுதியது சரியில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி, அதன் வரலாறு பிழையாகப் பரவக் கூடாது.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல்வர் உரைக்கு எதிர்ப்பக்கத்தில் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளும் அச்சாகியிருக்கின்றன. 1969 மே 13 இனக்கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1970 ஆகஸ்ட் 31 அன்றுதான் அது அறிவிக்கப்பட்டது. 1965இல் யார் அச்சடித்திருக்க முடியும்? அப்புறம், பள்ளியின் கொள்கை வரிக்கு மேலே 'சோகான்' என்ற மலாய்ச் சொல்லை வெறும் 'சி' (c) எழுத்தில் தொடங்கியிருக்கிறார்கள். 1972இன் மலாய் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்துக்கு முன் அங்கே 'சிஎச்' (ch) இருக்கும். ஆக, மலர் பெரும்பாலும் அதற்கும் பிந்தியது.

ஆங்கிலக் கட்டுரைகளை வைத்துக் காலம் கணிக்க முடியாது. ஆங்கிலவழிப் பள்ளிகள் மலாய்வழிக்கு மாறியது 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறியது. அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் படிவத்துக்கு (பதினோராம் வகுப்புக்கு) வரவே 1980 ஆகிவிட்டது. அதுவரை மேல் வகுப்பு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது இயல்புதான்.

இது முதல் மலர்தானா என்பதற்கு அட்டையின் உள்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். இதழ் எண் இருந்தால் அங்கேதான் இருக்கும்.