அந்த 'ஆன்' மேல போட்ட சிவப்பு வட்டம்

அண்ணன் பொண்ணு ஒம்பதாவது படிக்குது. நேத்து இங்கிலீஷ் கட்டுரை நோட்ட எடுத்துட்டு வந்துச்சு. "ஐ ஹேவ் ஃபெய்த் ஆன் மை ஃப்ரெண்ட்"னு எழுதியிருக்கு, அந்த 'ஆன்' மேல சிவப்பு மையில வட்டம், பக்கத்துல மைனஸ் அரை, அவ்ளோதான். ஏன் தப்புன்னு ஒரு வரி இல்ல. "சித்தப்பா, ஒருத்தங்க மேலதான நம்பிக்கை வைப்போம்?"னு கேக்குது.

புள்ள கேட்டது நியாயமான கேள்விங்க. சின்ன கிளாஸ்லயே பெட்டி, பந்து படம் காட்டி மேல இருந்தா 'ஆன்', உள்ள இருந்தா 'இன்'னு பழக்கி விட்டுடுறோம். பந்துக்கு அது சரி. நம்பிக்கைக்கு ஏது மேல, ஏது உள்ள? தமிழ்ல ஃப்ரெண்ட் மேல நம்பிக்கை, அம்மா மேல பாசம், டீச்சர் மேல மரியாதை, தம்பி மேல கோபம், பெட்ரோல் மேல வரி, எல்லாமே 'மேல'தான். இங்கிலீஷ்ல ஃபெய்த்னா 'இன்', அஃபெக்‌ஷனுக்கும் ரெஸ்பெக்ட்டுக்கும் 'ஃபார்', ஆங்கர்னா 'அட்', கடைசில அந்த டாக்ஸுக்கு மட்டும்தான் 'ஆன்' வருது. காரணம்ங்கிற ஒரே வார்த்தைய எடுத்துக்கோங்க, ரீசன்னா 'ஃபார்', காஸ்னா 'ஆஃப்'. இன்க்ரீஸ்ல இன்னும் நுணுக்கம், எதுல கூடுச்சுன்னு சொன்னா 'இன்', எவ்ளோ கூடுச்சுன்னு சொன்னா 'ஆஃப்': இன்க்ரீஸ் இன் பிரைஸ், இன்க்ரீஸ் ஆஃப் 10 பெர்சென்ட்.

பெரியவங்களே தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தப்பு. 'டிஸ்கஷன் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு. இந்த மாதிரி வினைச்சொல் செயப்படுபொருள நேரா புடிச்சுக்கும், அதே பெயர்ச்சொல்லா மாறிட்டா நடுவுல ஒரு கொக்கி வேணும். நாம அந்தக் கொக்கியோடவே வினைக்கும் போயிடுறோம்.

இதுக்கெல்லாம் ஒரே ரூல் கெடையாது, அதனாலதான் சொல்றேன், பெயர்ச்சொல்ல தனியா சொல்லிக் குடுக்காதீங்க. போர்டுல ஃபெய்த்னு எழுதாம 'ஃபெய்த் இன்'னு எழுதுங்க, டிமாண்டுன்னு எழுதாம 'டிமாண்ட் ஃபார்'னு எழுதுங்க, ஜோடியாவே காதுல விழட்டும். நாய்னா பயம், நாயைக் கண்டா பயம்னு நாமளும் தமிழ அப்படித்தான் கேட்டு கேட்டு புடிச்சோம், யாரும் வேற்றுமை உருபு பாடம் நடத்தி பேச வைக்கல. வட்டம் போட்ட அதே பேனாவால பக்கத்துல 'இன்'னு எழுத எவ்ளோ நேரமாகும், தமிழ்ல யோசிச்சு ஒழுங்கா மாத்தி எழுதுன புள்ளைய கவனமில்லாத புள்ளைன்னு நெனைக்க வெச்சுட்டாங்களேன்னு எனக்கு மனசே ஆறல.

நோட்டு கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் உக்காந்து ஜோடி ஜோடியா எழுதுனோம். பாதி பக்கம் வந்ததும் தலைய நிமித்தி, "அப்போ ட்ரஸ்ட்டுக்கும் 'இன்' தானா சித்தப்பா?"ன்னுச்சு. ஆமாடா, அதுக்கும் 'இன்' தான்.