மல்கோவாவின் டிரிப் ஷீட்

இடம்: சேலம் சிவதாபுரத்தில் ஒரு சந்து. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

ஆட்கள் இரண்டு பேர். கண்டக்டர், ஏற்காடு மலை வண்டியில் விசில் ஊதியே ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பட்டறைக்காரர், வெள்ளிக் கொலுசு செய்பவர். திண்ணைக்கு அடியில் மல்கோவா, மூன்று வயது நாட்டு நாய். மாம்பழ சீசனில் வந்து சேர்ந்தது, நிறமும் ஒத்துப்போனது, பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு இதில் வசனம் கிடையாது. பிரச்சினையே அதன் வசனம்தான்.

பட்டறைக்காரர்: அண்ணா, நான் சண்டைக்கு வரவில்லை.

கண்டக்டர்: வாங்க தம்பி, உட்காருங்க. சண்டைக்கு வராதவர் கையில் எதற்கு நோட்டு?

பட்டறைக்காரர்: நாற்பது நாளாக எழுதியது. மல்கோவா எத்தனை மணிக்குக் குரைத்தது, எவ்வளவு நேரம் குரைத்தது, எல்லாம் இருக்கிறது. மனுவோடு இணைக்கப் போகிறேன்.

கண்டக்டர்: எந்த ஆபீசுக்கு மனு?

பட்டறைக்காரர்: அதை இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் நோட்டு முடியட்டும் என்று இருந்தேன்.

கண்டக்டர்: கொடுங்க பார்ப்போம். (கண்ணாடியை மாட்டுகிறார்.) அடடா! தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், குறிப்பு... தம்பி, இது அச்சு அசல் டிரிப் ஷீட்! இவ்வளவு சுத்தமாக நானே எழுதியதில்லை. ஒரு சிவப்புப் பேனா இருக்கிறதா?

பட்டறைக்காரர்: அண்ணா, அது ஆதாரம். அதில் கிறுக்காதீங்க.

கண்டக்டர்: '5.20, பால்காரர், இரண்டு நிமிஷம்.' சரி, நியாயம். '6.05, பேப்பர் பையன்.' நியாயம். '6.40, காரணமே இல்லாமல், நான்கு நிமிஷம்.' இது என்ன 6.40? ஓ... அது நான்தான்.

பட்டறைக்காரர்: நீங்களா குரைத்தீங்க?

கண்டக்டர்: விசில், தம்பி. காலையில் காபி குடித்ததும் டபுள் விசில் கொடுப்பேன். அது இல்லாமல் உடம்பு நகராது. வயிறும் நகராது.

பட்டறைக்காரர்: அண்ணி ஒன்றும் சொல்வதில்லையா?

கண்டக்டர்: சமையல்கட்டிலிருந்து வாயாலேயே சிங்கிள் விசில் கொடுப்பாள். நான் நின்றுவிடுவேன். மல்கோவா நிற்காது.

(பட்டறைக்காரர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். தட்டு வடை செட். ஒன்றைப் பிட்டுத் திண்ணைக்கு அடியில் நீட்டப் போகிறார்.)

கண்டக்டர்: ஐயோ, போடாதீங்க! இரண்டு தட்டு வடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் மட்டுமா இருக்கிறது? வெங்காயம், அப்புறம் பூண்டுக் காரச் சட்னி. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தத்தையே கெடுத்துவிடும். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரர்: டாக்டரிடம் எல்லாம் காட்டினீங்களா?

கண்டக்டர்: பின்னே? திடீரென்று குரைப்பு கூடினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டுமாம். காது, பல், வயிறு, உண்ணி எல்லாம் பார்த்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, வீட்டில்தான் என்னமோ இருக்கிறது என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பட்டறைக்காரர்: இந்தப் பதினான்காம் பக்கத்தைப் பாருங்க. நான்கு நாள் தொடர்ந்து, சாயங்காலம் 4 மணிக்கு. முதல் நாள் பத்து நிமிஷம். இரண்டாம் நாள் இருபது. மூன்றாம் நாள் குறிப்பில் 'அராஜகம்' என்று எழுதியிருக்கிறேன். நான்காம் நாள் எழுத வார்த்தை இல்லை, கோடு போட்டிருக்கிறேன்.

கண்டக்டர்: அது பொறை விவகாரம். 4 மணிக்கு நான் டீயில் பொறை நனைப்பேன். அது குரைக்கும். வாயை அடைக்க ஒரு பொறை போடுவேன். டாக்டர் சிரித்தார். 'நீங்கள் நாயை அடக்கவில்லை, குரைத்தால் பொறை வரும் என்று பாடம் நடத்தியிருக்கிறீர்கள்' என்றார். சரி என்று அன்றைக்கே நிறுத்தினேன்.

பட்டறைக்காரர்: நிறுத்தியதற்கா அராஜகம்?

கண்டக்டர்: நிறுத்தினால் முதலில் கூடுமாம், அப்புறம்தான் குறையுமாம். அதுவரை நாம் அசையக் கூடாது. நான்காம் நாள் நான் அசைந்துவிட்டேன். இரண்டு பொறை.

பட்டறைக்காரர்: போச்சு!

கண்டக்டர்: 'முக்கால் மணி நேரம் கத்தினால் டபுள் ரேட்' என்று அது எழுதி வைத்துக்கொண்டது. பஸ்ஸிலும் இப்படித்தான் தம்பி. சில்லறை பாக்கிக்கு ஒருவர் கத்தி, நாம் பயந்து கொடுத்துவிட்டால், அடுத்த ஸ்டேஜில் பஸ்ஸே கத்தும். இப்போது தலைகீழாக மாற்றிவிட்டேன். வாயை மூடியிருக்கும் அந்த நொடியில் 'சபாஷ்', ஒரு துண்டு பொறை. முதலில் மூன்று எண்ணும் நேரம், அப்புறம் பத்து, அப்புறம் முப்பது. இருபத்தோராம் பக்கத்துக்குப் பிறகு 4 மணி இருக்கிறதா, பாருங்க.

பட்டறைக்காரர்: (புரட்டுகிறார்) ...இல்லை. எனக்கு ஏன் இது தெரியவில்லை?

கண்டக்டர்: குரைத்தால்தானே நோட்டை எடுப்பீங்க? சும்மா இருந்ததை யார் எழுதுகிறார்கள்?

பட்டறைக்காரர்: நானும் என் பங்குக்கு மாடியிலிருந்து 'ஏய், சும்மா இரு!' என்று கத்திப் பார்த்தேன்.

கண்டக்டர்: அது உங்களைத் துணைக்குக் குரைப்பதாக நினைத்துவிடும். பக்கத்து வீட்டாரும் நம் கட்சி என்று தெம்பாகி இன்னும் பத்து குரை போடும்.

பட்டறைக்காரர்: என் மச்சான் கழுத்துப் பட்டை ஒன்று சொன்னான். குரைத்தால் சுருக்கென்று கரண்ட் அடிக்குமாம்.

கண்டக்டர்: அதையும் கேட்டுவிட்டேன். பால்காரர் வரும் நேரத்தில் கழுத்தில் சுருக்கென்றால், பட்டை அடித்தது என்றா அதற்குத் தெரியும்? பால்காரர் வந்தால் வலிக்கிறது என்றுதான் கணக்கு வைக்கும். இன்றைக்குக் குரைக்கிறது, நாளைக்குக் கடிக்கும். அப்புறம் பாலுக்கு நீங்களா போவீங்க?

பட்டறைக்காரர்: அப்படியானால் இயற்கையாக ஏதாவது? கயிறு, தைலம்...

கண்டக்டர்: கயிறு கட்டியாயிற்று. கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு. கட்டியதும் கால் மணி நேரம் மூச்சு விடவில்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால், கயிற்றைக் கழற்றி வைத்து மென்றுகொண்டிருக்கிறது! பிடுங்கி எறிந்தேன். நூல் குடலில் சிக்கினால் ஆபரேஷன்தான்.

பட்டறைக்காரர்: மந்திரம் வேலை செய்யவில்லையா?

கண்டக்டர்: மெல்லுவது வேலை செய்திருக்கிறது. மெல்லும்போதும் நக்கும்போதும் நாய்க்கு மனசு அடங்குமாம். இப்போது உப்பு, தாளிப்பு இல்லாத தயிர் சாதத்தை ஒரு கெட்டி ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறோம். பேப்பர் பையன் தெருமுனை திரும்பும்போது கொடுத்தால், அவன் அடுத்த தெருவுக்குப் போகும்வரை நக்கிக்கொண்டிருக்கும்.

பட்டறைக்காரர்: தைலம்?

கண்டக்டர்: ஏற்காட்டில் வாங்கிய யூக்கலிப்டஸ் தைலத்தைத் தடவச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். நல்லவேளை, தடவும் முன் டாக்டருக்கு போன் போட்டேன். நமக்குத் தடவினால் சளி போகும், நாய் உடம்பை நக்குவதால் அதற்கு விஷம். சூடமும் அப்படித்தான். லாவெண்டர் வாசனையில் நாய்கள் கொஞ்சம் ஓய்வாகப் படுக்கின்றன என்று 2005-ல் ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறதாம். அதுகூட வாசனை காற்றில் இருந்ததுதான், மேலே தடவியது இல்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டு வீணைக்கு மாறிவிட்டேன்.

பட்டறைக்காரர்: அந்த வீணை நீங்கள் போடுவதா? நான் கோயில் ஸ்பீக்கர் என்று இருந்தேன்.

கண்டக்டர்: வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் என்று ஒரு ஊர். அங்கே நாய்க் காப்பகத்தில் பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், 2002-ல் வெளியிட்டார்கள். அவர்கள் ஊர் சாஸ்திரிய சங்கீதத்துக்கு நாய்கள் அமைதியாகப் படுத்தன. ஹெவி மெட்டல் போட்டால் குரைப்பு கூடியது. நம் நாய்க்கு நம் ஊர் சாஸ்திரியம் என்று நான் வீணை வைத்தேன். நன்றாகப் படுக்கிறது.

பட்டறைக்காரர்: எங்கள் வீட்டிலும் படுக்கிறார்கள். என் மாமியார் தூங்கிவிடுகிறார். பட்டறையில் இரண்டு பேர் கொலுசைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறார்கள்.

கண்டக்டர்: அப்புறம் கேட். தெருவில் போகிற ஆள், ஆடு, ஆட்டோ எல்லாம் கம்பி வழியாகத் தெரிகிறது. தெரியாவிட்டால் பாதி குறையும் என்று ஒரு பிளெக்ஸ் வாங்கி உள்பக்கமாகக் கட்டினேன். இரண்டு நாள் அந்த பிளெக்ஸைப் பார்த்தே குரைத்தது.

பட்டறைக்காரர்: ஏன்?

கண்டக்டர்: உங்கள் பெண்ணின் மஞ்சள் நீராட்டு பிளெக்ஸ் தம்பி. கும்பிட்டபடி ஆறடிக்கு நீங்கள்.

பட்டறைக்காரர்: (நீண்ட மௌனம்) இப்போது கேட்டில் வெள்ளையாக இருப்பது...

கண்டக்டர்: உங்கள் முதுகுப்பக்கம்தான். திருப்பிக் கட்டிவிட்டேன். கோவித்துக்கொள்ளாதீங்க. கேட் கணக்கு முடிந்தது. சாயங்காலம் சிவதாபுரம் ரவுண்டு அடிக்கும்போதும் இழுக்காமல், மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நின்று கொடுக்கிறேன். ஒவ்வொரு மின்கம்பமும் அதற்கு ஒரு ஸ்டேஜ். மூக்குக்கு வேலை கொடுத்தால் ராத்திரி அடித்துப் போட்டது மாதிரி தூங்குகிறது. எல்லாம் சரி. ஆனால் இது எனக்குப் பிடிபடவில்லை. தினம் பகல் 11.10. பால் இல்லை, பேப்பர் இல்லை, பொறை இல்லை, விசில் இல்லை. உங்கள் சுவரைப் பார்த்தே இருபது நிமிஷம்.

பட்டறைக்காரர்: அதற்குத்தான் மனுவே. மனுஷன் வேலை பார்க்கிற நேரம்.

கண்டக்டர்: இருங்க, நடுவில் ஒரு வியாழக்கிழமை 11.10 இல்லையே? 'மாதாந்திர மின்தடை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீங்க.

பட்டறைக்காரர்: ஃபேன் இல்லாமல் கடுப்பில் எழுதியது.

கண்டக்டர்: ஞாயிறு 11.10 இல்லை. அடுத்த ஞாயிறு இல்லை. இன்றைக்கும் இல்லை. தம்பி... கரண்ட் இருக்கும் நாளில், பட்டறை திறந்திருக்கும் நாளில், 11.10-க்கு நீங்கள் என்ன செய்கிறீங்க?

பட்டறைக்காரர்: கொலுசு கழுவுவோம். காலையில் பற்றவைத்து, மெருகு போட்டு முடிய பதினொன்று ஆகிவிடும். புதுசாகக் கழுவுகிற மெஷின் வாங்கியிருக்கிறேன் அண்ணா, அல்ட்ராசோனிக். தண்ணீரில் கொலுசை இறக்கி சுவிட்சைப் போட்டால், மணி இடுக்கில் ஒட்டியிருக்கிற கறுப்பு அப்படியே புகை மாதிரி கிளம்பி வரும். பிரஷ்ஷே வேண்டாம். சத்தமும் கிடையாது, லேசாக 'உஸ்'.

கண்டக்டர்: எப்போது வாங்கினீங்க?

பட்டறைக்காரர்: ஆடி முதல் வாரம். ஆவணி முகூர்த்த ஆர்டருக்காக.

கண்டக்டர்: நோட்டு எப்போது ஆரம்பித்தீங்க?

பட்டறைக்காரர்: ஆடி இரண்டாம் வாரம்.

(இருவரும் மல்கோவாவைப் பார்க்கிறார்கள். மல்கோவா தட்டு வடையைப் பார்க்கிறது.)

கண்டக்டர்: மெஷினில் ஏதாவது நம்பர் போட்டிருக்கிறதா?

பட்டறைக்காரர்: '40 கிலோ' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் ஒரு கையில் தூக்கிவிட்டேன். வெள்ளி எடை போடுகிறவனிடமே ஏமாற்றா என்று கடைக்காரரோடு ஒரே சண்டை.

கண்டக்டர்: அது கிலோ ஹெர்ட்ஸ் ஆக இருக்கும் தம்பி! சத்தம் ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அதிர்கிறது என்ற கணக்கு. டாக்டர் சொன்னார், மனுஷக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதுவும் சின்ன வயதில். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். உங்கள் மெஷின் 40,000. நமக்கு 'உஸ்', அதற்குக் காதுக்குள் ரம்பம்!

பட்டறைக்காரர்: சுவரைத் தாண்டியா?

கண்டக்டர்: சுவர் இருக்கிறது. ஜன்னல்?

பட்டறைக்காரர்: ...திறந்துதான் இருக்கும்.

கண்டக்டர்: வாங்க, சோதித்துப் பார்ப்போம். நீங்கள் மெஷின் பக்கத்தில் நில்லுங்க. நான் டபுள் விசில் கொடுத்தால் போடணும், சிங்கிளுக்கு நிறுத்தணும்.

(பட்டறைக்காரர் போகிறார். டபுள் விசில். மல்கோவா குதித்து எழுந்து குரைக்கிறது.)

பட்டறைக்காரர்: (ஜன்னல் வழியாக) அண்ணா! நான் இன்னும் சுவிட்சையே போடவில்லை!

கண்டக்டர்: சரி சரி, விசில் வேண்டாம். துண்டை ஆட்டுகிறேன்.

(மல்கோவா அடங்கிப் படுக்கிறது. துண்டு ஆடுகிறது. இரண்டு நொடி. மல்கோவாவின் காது இரண்டும் பட்டறைப் பக்கம் திரும்புகின்றன, தலை சாய்கிறது, எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. துண்டு இறங்குகிறது. குரைப்பும் இறங்குகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி போடுகிறார்கள். இந்த முறை காது மட்டும் ஆடுகிறது, வாய் திறக்கவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தும் அதேதான்.)

பட்டறைக்காரர்: (திரும்பி வந்து, மெதுவாக) அண்ணா, நோட்டைக் கொடுங்க.

கண்டக்டர்: இருக்கட்டும். நல்ல ஆதாரம்.

பட்டறைக்காரர்: மெஷினைப் பின் அறைக்கு மாற்றிவிடுகிறேன். மூடி போட்டு, ஜன்னலைச் சாத்தி.

கண்டக்டர்: நான் அந்த நேரத்துக்கு இதை ஒரு நடை கூட்டிப் போய்விடுகிறேன். தினம் பகல் 11.10, சிவதாபுரம் சர்வீஸ். ஆவணி வெயிலில் தரை சுட்டால் மட்டும் ட்ரிப் கேன்சல், வீட்டுக்குள்ளேயே பொம்மையும் தயிர் சாதமும்.

பட்டறைக்காரர்: ரொம்ப நன்றி அண்ணா. ஒரே ஒரு வேண்டுகோள்.

கண்டக்டர்: விசிலை நிறுத்தணுமா?

பட்டறைக்காரர்: அது வேண்டாம், அண்ணி பார்த்துக்கொள்வார்கள். அந்த வீணை... நாய் சரியாகிவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீங்க. முடிந்தால் பகல் 2 மணிக்குக் கொஞ்சம் சத்தமாகவே வைங்க.

கண்டக்டர்: பட்டறையில் ஆட்கள் தூங்கிவிடுவார்கள் என்றீங்களே?

பட்டறைக்காரர்: அவர்களுக்குப் பஞ்சு வாங்கித் தருகிறேன். மாமியார் புரட்டாசி வரைக்கும் இங்கேதான் இருக்கப் போகிறார்.