எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போடலாமா?

ரெகெக்ஸ் (regex), அதாவது உரையில் தேட எழுதும் பேட்டர்னில், சில குறிகளுக்குத் தனிப்பொருள் உண்டு; அதை நீக்க முன்னால் பேக்ஸ்லாஷ் (\) போடுவார்கள். "சந்தேகம் வந்தால் எல்லா எழுத்துக்கும் முன்னால் \ போட்டுவிடுங்கள், எதுவும் கெடாது" என்ற யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நிச்சயம் கெடும்.

3.50 என்ற விலையைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்தும் என்பதால் 3750-உம் சிக்கும். சரியான வடிவம் 3\.50. அந்த யோசனைப்படி \3\.\5\0 என்று எழுதினால், \3 என்பது மூன்றாவது அடைப்புக்குழு, அதாவது பேட்டர்னில் ( ) போட்ட மூன்றாவது பகுதி, பிடித்ததைக் குறிக்கும். அப்படியொரு குழுவே இல்லாததால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கில எழுத்துகளுக்கும் இதே கதிதான்: பலவற்றுக்கு \ சேர்ந்ததும் தனிப்பொருள் வந்துவிடும்.

குனு செட், கிரெப் (GNU sed, grep) என்ற கட்டளைவரிக் கருவிகள் இரண்டிலும் வழக்கமான முறையில் விஷயம் தலைகீழ். அங்கே + வெறும் கூட்டல் குறி, \+ போட்டால்தான் 'ஒன்று அல்லது அதற்கு மேல்'.

[ ] என்ற சதுர அடைப்புக்குள் . * + ( ) எதற்கும் \ தேவையில்லை. அங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை ] \ ^ - ஆகியவை.

பலர் தடுக்கி விழுவது இன்னோர் இடத்தில்: ஸ்ட்ரிங், அதாவது நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் உரை. ஜாவாவில் "3\.50" கம்பைல் ஆகாது, "3\\.50" வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம். மேற்கோளுக்குள் இருக்கும் \ சத்தமில்லாமல் காணாமல் போய், மறுபடி 3750 பொருந்தும்.

பயனர் தட்டிய சொல்லைத் தேடுவதானால் கையால் எஸ்கேப் செய்யாதீர்கள், அதாவது நீங்களே \ போடாதீர்கள். பைத்தானில் ரீ மாட்யூலின் எஸ்கேப் (re.escape), ஜாவாவில் பேட்டர்ன் கிளாஸின் கோட் (Pattern.quote) ஆகிய ஃபங்ஷன்கள் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த பைத்தான் எஸ்கேப் தேடும் பேட்டர்னுக்கு மட்டும். மாற்றி எழுதும் உரைக்கு அதைப் போட்டால் தேவையற்ற \ வெளியீட்டில் ஒட்டிக்கொள்ளும்.