வெள்ளத்தைக் கிணத்துக்குள்ள விடாதேங்கோ

அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பாத்திருப்பியள். ஒழுங்கைக்குள்ள முழங்காலளவு வெள்ளம். பெடியள் கொஞ்சப்பேர் ரண்டு இஞ்சி மோட்டரைப் பூட்டி, பைப்பை ஒரு பாழ்கிணத்துக்குள்ள இறக்கி, "நிலத்தடி நீரைச் சேமிக்கிறம்" எண்டு சொல்லினம். கீழ ஆயிரக்கணக்கில வாழ்த்து. பெடியள் நல்ல நோக்கத்தோடதான் மழையில நிண்டவை, அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா செய்தது பிழை. பெரிய பிழை.

யாழ்ப்பாணத்துக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில மட்டும்தான். வருசத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கொட்டித் தீர்த்திடும். கீழ சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமா. அதுக்குள்ள இறங்கின மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டா, அதுக்குக் கீழ 40 அடியளவுக்கு நன்னீர் இருக்கும் எண்டது கணக்கு. நிலாவரைக் கிணத்தில மேல நல்லதண்ணி, ஆழத்தில உப்பு. அதுவும் இதே கதைதான்.

"அப்ப தண்ணி சேர்த்தா நல்லதுதானே?" எண்டு கேப்பியள். சேர்க்கவேணும், மண்ணுக்குள்ளால சேர்க்கவேணும். குளத்தில தேங்கின தண்ணி மண்ணைத் தாண்டி மெல்ல இறங்கேக்க கிருமியில பெரும்பங்கு மண்ணிலயே தங்கிடும். கிணறு எண்டது அந்த மண்ணை வெட்டி எடுத்துப்போட்டு, நேரா கல்லுக்குள்ள இறக்கின வழி. அதில விட்ட வெள்ளம் ஒரு வடிகட்டலும் இல்லாம ஊத்துக்கண்ணுக்குள்ள போகும். சும்மா நிக்காது. மோட்டரால நிரப்பேக்க அந்தக் கிணத்தின்ர மட்டம் சுத்தவுள்ள நீர்மட்டத்தை விட உயருது. உயர்ந்த தண்ணி வெடிப்பு வழியா அடுத்த வளவுக் கிணத்துக்குத் தள்ளுப்படும். பாழ்கிணறுதானே எண்டு சொல்லுறவை இதை யோசிக்கவேணும். பாழாய்ப்போனது மேல உள்ள கட்டுத்தான். அடியில எல்லாக் கிணறும் ஒரே தண்ணி.

ஒழுங்கை வெள்ளத்தில என்ன இருக்கு? நிரம்பி வழிஞ்ச மலசலகூடக் குழி. கராச்சில ஊத்தின பழைய ஒயில். தோட்டத்து உரம், மருந்து. எலி மூத்திரம். 2024 மார்கழியில, வெள்ளத்துக்குப் பிறகு, இதே யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறக்கிற ஆக்களா நாங்கள்? வீடியோவின்ர கடைசியில கமராவைக் கிணத்துக்குள்ள காட்டினவை. நல்லாப் பாருங்கோ. கபில நிற நுரை, ஓரத்தில வானவில் மாதிரி எண்ணெய்ப் படை, நடுவில ஒரு ஒற்றைச் செருப்பு. கிணத்தடிக்குச் செருப்போட போனா ஏசுற ஆச்சிமார் இருந்த ஊர் இது.

"கொதிக்க வைச்சுக் குடிக்கலாம்தானே" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். கொதிக்க வைச்சா கிருமி சாகும். உரத்தால வந்த நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த அது செறியும். எண்ணெய்க்கும் கொதி மருந்தில்லை. சுன்னாகத்தில மின்நிலையத்தின்ர கழிவு எண்ணெய் கிணறுகளில கலந்து, சனம் வாளியோட பவுசருக்குக் காத்து நிண்டதை இவ்வளவு கெதியில மறந்திட்டமா? அதைப் பற்றின வழக்கில, அந்த மின்நிலையக் கம்பனியை உயர் நீதிமன்றம் 2019 இல 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. காசு குடுக்கலாம். கல்லுக்குள்ள போன எண்ணெயை ஆர் கழுவி எடுக்கிறது?

"கூரையில விழுற மழைத்தண்ணியையும் கிணத்துக்குள்ள விடக்கூடாதோ?" எண்டு கேட்டவைக்கு மட்டும் ஆறுதலா மறுமொழி சொல்லவேணும், அது நியாயமான கேள்வி. கூரைத்தண்ணி வேற. மாரியின்ர முதல் மழையை அப்பிடியே வெளியில விடுங்கோ. பிறகும் ஒவ்வொரு மழையிலயும் 1,000 சதுர அடிக் கூரைக்கு முதல் 100 லீற்றரையாவது கழிச்சுவிடுங்கோ. மிச்சத்தை, அடியில பெருங்கல், அதுக்கு மேல சல்லி, மேல மணல் போட்ட குழியில இறக்குங்கோ. குழியை மலசலகூடப் பக்கம் வெட்டவேண்டாம். மணலை வருசாவருசம் மாத்தவேணும், இல்லாட்டி அடைச்சு, தண்ணி மேலால வழியும்.

வெள்ளம் ஏறின கிணறு வைச்சிருக்கிறவை அவசரப்பட்டு முழுக்க இறைக்கவேண்டாம். சுத்தி நிலம் ஊறியிருக்கேக்க உள்ள வெறுமையாக்கினா வெளித்தண்ணி தள்ளிக் கட்டு இடிஞ்சு விழும். கரையோரமெண்டா கீழிருந்து உப்பும் ஏறும். வளவு வெள்ளம் வடியட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, சேறு அள்ளி, சுவரைத் தேச்சுக் கழுவுங்கோ. எண்ணெய் மோட்டரைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டவேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். புதுத்தண்ணி ஊறினபிறகு அதை அளவுங்கோ: 10 அடி அகல வட்டக் கிணறு, 8 அடித் தண்ணி எண்டா 628 கன அடி, ஏறத்தாழ 17,800 லீற்றர். அந்தக் கணக்கைச் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட ரி.சி.எல். எண்ட குளோரின் தூள் எவ்வளவு போடவேணும் எண்டு கேளுங்கோ, தூளின்ர வலு ஒவ்வொண்டுக்கும் வேற. வாளியில கரைச்சு, அடைய விட்டு, தெளிவை மட்டும் ஊத்திக் கலக்கி ஒரு இரவு விடுங்கோ. அடுத்தநாள் குளோரின் மணம் குறையுமட்டும் இறைக்கவேணும். எண்ணெய் மிதந்தா இது ஒண்டும் உதவாது, அந்தத் தண்ணியைத் தொடாதேங்கோ.

"படிச்சவை வேலை செய்யிறவையைக் குறை சொல்லத்தான் வருவினம்" எண்டும் ஒரு கருத்து. அது எனக்குச் சுட்டது. வெள்ளம் ஏன் ஒழுங்கையில நிக்குது எண்டு கேக்காம, அதைக் கிணத்துக்குள்ள ஒளிக்கிறதை வேலை எண்டு நான் சொல்லமாட்டன். ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் எல்லாம் வடிவுக்கு வெட்டினது இல்லை. ஒழுங்கைத் தண்ணி வாய்க்காலால குளத்துக்கு, குளம் நிரம்பினா கடல்நீரேரிக்கு. அந்த வாய்க்காலுக்கு மேல மதில் கட்டினது ஆர்? மதகு வாயில கொங்கிறீட் போட்டு வாகனம் ஏத்தினது ஆர்? 2008 இல நிஷாப் புயல் நேரம் வீட்டுக்குள்ள தண்ணி வந்த சனம், அது வடிஞ்ச கையோட வாய்க்காலை இன்னும் ஒரு முழம் ஒடுக்கினதுதான் எனக்கு நோவு. ரண்டு பரப்புக் காணியில வீடு, கிணறு, மலசலகூடக் குழி மூண்டையும் நெருக்கிப்போட்டு, கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி விடவே இடமில்லாம நிக்கிறம். இதுக்குள்ள வெள்ளத்தையும் கூப்பிட்டு உள்ள விடுறதா?

அந்தப் பெடியளை ஆரும் ஏசவேண்டாம். மோட்டரும் மண்வெட்டியும் மனமும் அவையிட்டத்தான் இருக்கு. அதே மோட்டரைக் குளத்துப் பக்கம் திருப்பினாக் காணும். வீடியோவில இருக்கிற பைப் இன்னும் கிணத்துக்குள்ளதான் கிடக்குது எண்டு பக்கத்து வீட்டார் சொல்லினம். தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா, அடுத்த மழைக்கு முதல் இண்டைக்கே போய் அதை மேல எடுங்கோ. அயல் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கோ, தண்ணி சோதிக்குமட்டும் தங்கட கிணத்தில குடிக்க அள்ளவேண்டாம் எண்டு.