அரைவ் பட்டியல் தரச் சான்று அல்ல

"அரைவ் நெறிமுறையைப் பின்பற்றியதாகக் கட்டுரையிலேயே இருக்கிறது, எனவே இந்த எலி ஆய்வின் முடிவை நம்பலாம்" என்று ஒரு மருந்து ஆய்வைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. 2010இல் வெளிவந்து 2020இல் திருத்தப்பட்ட அரைவ் (ARRIVE), விலங்கு ஆய்வை எப்படி அறிக்கையிட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி. ஆய்வு சரியாக நடந்ததா என்பதற்கு அது சான்றிதழ் தருவதில்லை.

பின்பற்றியதாகச் சொல்வதும் பின்பற்றுவதும்கூட ஒன்றல்ல. பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழுக்கு வந்த கட்டுரைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் அரைவ் பட்டியலை நிரப்பித் தரச் சொன்னார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, இரு பகுதியிலும் ஒரு கட்டுரைகூட எல்லா அம்சங்களையும் நிறைவு செய்யவில்லை.

செய்முறைப் பகுதியைத் திறந்து பாருங்கள். "எலிகள் தற்போக்காகப் பிரிக்கப்பட்டன", அதாவது குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன என்ற ஒற்றை வரி போதாது. கூண்டுக்குள் கைவிட்டு முதலில் அகப்பட்டவற்றை ஒரு குழுவில் போட்டாலும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சுலபமாகப் பிடிபடுவது மந்தமான எலியாகவோ நோயுற்ற எலியாகவோ இருக்கலாம். மருந்து கொடுக்கும் முன்பே குழுக்கள் வேறுபட்டுவிடும். தற்போக்கு எண்களை எப்படி உருவாக்கினார்கள், அளவெடுத்தவருக்கு எந்த எலி எந்தக் குழு என்பது தெரியுமா, இடையில் இறந்த எலிகள் கணக்கில் வந்தனவா? விலங்கு ஆய்வின் முடிவை ஒருபக்கம் சாய்க்கும் இத்தகைய சார்பை மதிப்பிடவென்றே சிர்கிள் (SYRCLE) என்ற கருவி 2014 முதல் இருக்கிறது. நீங்கள் தேடுவது அதைத்தான்.

இந்த ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை நம்பி யாரும் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டாம்.