பை போயாச்சு, கல்லும் போயாச்சு, வாழைத்தண்டுச் சாறு மட்டும் நிற்கவில்லை

இன்று விடிந்தும் விடியாமலும் போன். பெரியப்பா. "கண்ணு, முதல் பஸ்ல கண்டக்டர்கிட்ட ஒரு பை குடுத்து விட்டிருக்கேன். போய் வாங்கி அம்மாவுக்கு வெறும் வயித்துல குடு." பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற கட்டமெல்லாம் தாண்டியாச்சு. ஏற்காட்டுக் குளிரில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால், கண்டக்டர் மஞ்சப்பையை இரண்டு விரலால் பிடித்து நீட்டுகிறார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு குலுங்கி ஏறியதில் பாட்டில் மூடி கழன்று, பாதிச் சாறு அவர் டிக்கெட் மெஷின் மேல். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வாழைத்தண்டுச் சாறு. அம்மாவின் பித்தப்பைக் கல் கரைய. பித்தப்பையையே எடுத்துவிட்ட அம்மாவுக்கு!

தொண்டை கட்டும்வரை சொன்னதை இன்னொரு தடவை சொல்கிறேன். வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற கைவைத்தியம். அந்தக் கல்லுக்காவது வெளியே போக ஒரு வழி இருக்கிறது, சின்னதாக இருந்தால் சிறுநீரோடு வந்துவிடும். பித்தப்பை இருப்பது கல்லீரலுக்கு அடியில். அதிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்கும். நாம் குடித்த சாறு குடலில் இருந்து மேலே ஏறி, அந்தக் குழாயைத் தேடிக் கண்டுபிடித்து, கல்லுக்குக் குளிப்பாட்டிவிட்டு வராது. சரி, விடுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருப்பார்.

எங்கள் பெரியப்பாவுக்குக் கூடுதலாக ஒரு தகுதி உண்டு. சேலம் மாமாங்கத்துக்காரர். மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்கல்லோடு வாழ்ந்தவர். அதனால் உலகத்தில் கல் என்று எது இருந்தாலும், அது மனுஷன் வயிற்றுக்குள் இருந்தாலும், அவர் அதிகார எல்லைக்குள் வந்துவிடும். "கல்லைப் பத்தி எனக்கா சொல்றே?" என்று ஆரம்பித்தால் ஸ்கேன் எடுத்த டாக்டரே நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவர் வார்டுக்கு வந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. முதல் நாள் ராத்திரிதான் அம்மாவை மலையிலிருந்து இறக்கியிருந்தோம். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை போய், வாந்தி நிற்காமல், ஒவ்வொரு வளைவிலும் என் சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி வந்தாள். பையின் கழுத்தில் கல் அடைத்துக்கொண்டிருந்தது. பை வீங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. சர்க்கரை வேறு. தள்ளிப்போட்டால் பை அழுகி வெடித்துவிடலாம் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டோம். இவ்வளவுதான் கதை. பெரியப்பா கதை இனிமேல்தான்.

பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, செக்யூரிட்டியோடு சண்டை போட்டுவிட்டு உள்ளே வருகிறார். நர்ஸ் அப்போதுதான் அம்மாவை வலிக்காமல் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார். மூத்தாரைப் பார்த்ததும் அம்மா, விலாவில் டியூப், கையில் டிரிப்ஸ், அத்தனையோடும் எழுந்து உட்கார்ந்து போர்வையை இழுத்துத் தோளை மூடப் பார்க்கிறாள். முழுசாக எழுந்து முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அட, படுத்துக்க அம்மணி" என்கிறார். நன்றிங்க பெரியப்பா.

"எங்க வலிக்குது?" தோள்பட்டையில் என்றாள் அம்மா. அவ்வளவுதான், திரும்பி என்னைப் பார்த்தார். "வயித்துல ஆபரேஷன் பண்ணினா தோள்பட்டை எப்படிக் கண்ணு வலிக்கும்? என்னமோ மாத்திப் பண்ணிட்டாங்க." சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியில் கருவி நுழைக்க இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவார்கள், அது கொஞ்ச நாளைக்குத் தோளில் வலியாகத் தெரியும் என்று விளக்கினேன். "வயித்துக்குள்ள கேஸ் அடைச்சாங்களா?" பக்கத்து பெட்காரர்கள் மூன்று பேரும் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். அப்பா ஜன்னல் வழியாக அஸ்தம்பட்டி டிராஃபிக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேசும்போது அப்பா வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் கேட்டார்: "கல்லு எங்க?"

கொடுத்திருந்தார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பியில், பச்சையும் பழுப்புமாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றோடு ஒன்று உரசி உரசி ஒவ்வொரு பக்கமும் பட்டை தீட்டின மாதிரி இருந்தது. டப்பியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். திறந்தார். ஒன்றை எடுத்து, அம்மாவின் மாத்திரைத் தட்டில் வைத்து, ஜோப்பிலிருந்து பைக் சாவியை எடுத்துக் கீறினார். ஆமாம், கீறினார். தூள் உதிர்ந்தது. "இது கல்லே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "மேக்னசைட் இப்படிச் சாவிக்கு உதிருமா? இதுக்குப் போயி அவசரப்பட்டு வயித்தை அறுத்துட்டீங்களே! ரெண்டு வாரம் வாழைத்தண்டு குடிச்சிருந்தா கரைஞ்சிருக்கும்."

கூடவே ஆதாரமும் கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து சாறு பாட்டில் வெளியே வந்தது. ஒரு டம்ளரில் ஊற்றி, அம்மாவின் கல் ஒன்றை அதில் போட்டு, "பாரு இப்போ" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்களும் பார்த்தோம். வேறு என்ன செய்ய? டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸும் நின்று பார்த்தார். கல் அடியில் கிடந்தது. பெரியப்பா ஸ்பூனால் கலக்கினார். கிணிங் கிணிங் என்று சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் போனது. கல் அப்படியே இருந்தது, சாறுதான் கறுத்துப்போனது. கடைசியில் ஆராய்ச்சி முடிவை அறிவித்தார்: "டம்ளர்ல சூடு இல்லை பாரு. வயித்துச் சூட்டுக்குக் கரையும்."

போகும்போது வாசலில் வைத்து, எடுத்த பையை என்ன செய்தார்கள் என்று கேட்டார். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பயாப்ஸி, பித்தப்பை எடுத்தால் அனுப்புவது வழக்கம்தான் என்று தெரியாத்தனமாக அல்ல, தெளிவாகவே, "வழக்கம்தான்" என்பதை அழுத்தியே சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஆத்தூரிலிருந்து அத்தை போனில் அழுகிறார். "கேன்சராமே?" இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போனை எடுத்தது அம்மா.

மற்றவர்களையும் விட்டுவைக்க மனசில்லை. எண்ணெய் கூடாது, கொஞ்ச நாள் இட்லியும் கஞ்சியும்தான் என்று சொல்லியிருக்கிற நோயாளிக்கு முன்னால் தட்டுவடை செட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிட்ட சித்தி மகன். "பித்தப்பை இல்லாட்டி பித்தமெல்லாம் எங்க போகும்? தலைக்கு ஏறிடாது?" என்று கேட்ட பக்கத்து வீட்டம்மா. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கிற சின்டெக்ஸ் டேங்க். டேங்கைக் கழற்றினாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் நேராகக் குழாய்க்கு வரும். 1882-லேயே பெர்லினில் லாங்கன்பூக் என்கிற மருத்துவர் ஒருவருக்குப் பித்தப்பையை எடுத்துப் பிழைக்க வைத்துவிட்டார். மாமாங்கத்துக்கு மட்டும் இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். பெரியப்பா மனசு நோகக் கூடாதென்று ஒரு வாய் குடித்தும் விட்டாள். நான் கத்தினால், "பாவம், அந்த வயசுல தண்டு வாங்கி நார் எடுத்து அரைச்சிருக்காரு" என்கிறாள். இந்தப் பதிலுக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை தையல் பிரிக்கக் கீழே போகணும். சனிக்கிழமை! சுற்றுலா வருகிற மகராசன்களே, அது வளைவு. வண்டி நிறுத்துகிற இடம் இல்லை. வயிற்றில் தையலோடு ஒரு மனுஷி வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டுக் குரங்குக்குச் சிப்ஸ் ஊட்டி ரீல்ஸ் எடுக்கிறீர்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறீர்கள். பாக்கெட் பாக்கெட்டாக எண்ணெய்ப் பண்டத்தைப் போட்டுப் பழக்குகிறீர்களே, குரங்குக்கும் பித்தப்பை உண்டு, சொல்லிவிட்டேன்.